மாவு கொட்டட்டும், பவுடர் டப்பாவை எடுத்து வையுங்கள்

ஆசிரியர் அவர்களுக்கு, வணக்கம்.

நாளிதழின் ஞாயிறு இணைப்பில் வாசகர்கள் அனுப்பும் சுட்டிக் குழந்தைகளின் படங்களை ஆசையோடு பார்ப்பவர்களில் நானும் ஒருத்தி. இட்லி மாவுச் சட்டிக்குள் முழங்கை வரை கையை விட்டு நிற்பது, சுவர் முழுக்கக் கிரையானால் கிறுக்கி வைப்பது, அரிசி டப்பாவைக் கவிழ்த்துவிட்டு அதன் நடுவே சப்பணமிட்டு உட்காருவது எல்லாமே பார்க்கப் பார்க்கச் சிரிப்பு வருபவை. இவற்றோடு, பவுடர் டப்பாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு வெள்ளை வெளேரென்று நிற்கும் குழந்தையின் படமும் வருகிறது. முதல் மூன்றும் துடைத்தால் தீர்ந்துவிடும். பவுடர் அப்படியல்ல. எது துடைத்தால் போவது, எது மருத்துவமனைக்கு ஓட வேண்டியது என்று படத்துக்குக் கீழே இரண்டு வரி சேர்த்துப் போட வேண்டும் என்று கேட்கவே இதை எழுதுகிறேன்.

பல பவுடர்களில் இருப்பது டால்க் என்னும் கல்லை நுணுக்கிய தூள். தண்ணீரில் கரையாது. மூச்சோடு உள்ளே போனால் நுரையீரலின் சிறு குழாய்களில் படிந்து அடைத்துக்கொள்ளும். நிறையத் தூளை இழுத்துவிட்ட குழந்தை முதலில் இருமும். பிறகு விளையாடப் போய்விடும். சில மணி நேரம் கழித்துத்தான் மூச்சு வாங்கத் தொடங்கும் என்பதால் 'ஒன்றுமில்லை' என்று விட்டுவிடுகிறோம். இருமல் அடங்காவிட்டாலும், மூச்சை இழுக்கும்போது விலாவுக்கிடையே குழி விழுந்தாலும், உதடு நீலம் பாய்ந்தாலும் 108-ஐ அழைக்க வேண்டும். பெரும்பாலும் இது உடை மாற்றும்போது நடக்கிறது. மல்லாந்து படுத்திருக்கும் குழந்தை அழாமலிருக்கப் பவுடர் டப்பாவையே கையில் கொடுக்கிறோம். அது மூடியைக் கடித்துத் திறந்தால் தூள் நேராக மூக்கில்தான் விழும். அதற்குப் பதில் ஒரு மரக்கரண்டியைக் கொடுங்கள், அதே அளவு நேரம் சும்மா இருக்கும்.

கொட்டுவதைச் சேட்டை என்று அடிப்பவர்கள் இருக்கிறார்கள். அது சேட்டையே அல்ல. ஒன்பது, பத்து மாதத்தில் கட்டைவிரலும் ஆள்காட்டி விரலும் சேர்ந்து கிள்ளி எடுக்கப் பழகுகின்றன. ஒரு வயதுக்குப் பிறகு எதையும் நிரப்பிப் பார்ப்பதும் கவிழ்த்துப் பார்ப்பதும்தான் அதன் முழுநேர வேலை. அந்த வேலைக்கு வீட்டில் ஓர் இடம் ஒதுக்கிவிட்டால் பாதிச் சிக்கல் தீரும். சமையலறையின் கடைசி அடுக்கில் இரண்டு எவர்சில்வர் டப்பா, ஒரு பிளாஸ்டிக் புனல், ஒரு ஆழாக்கு, பழைய சல்லடை ஒன்று போதும். உள்ளே போட அரை ஆழாக்கு அரிசி கொடுத்தால் அரை மணி நேரம் ஓடும். மொச்சை, கொண்டைக்கடலை, வேர்க்கடலை, புளியங்கொட்டை கூடவே கூடாது. இவை மூச்சுக்குழாய் வாசலில் சரியாகப் பொருந்தி நிற்கிற அளவு.

இனி, கொட்டிய பிறகு என்ன செய்வது. எண்ணெய் என்றால் முதலில் குழந்தையைத் தூக்கி அதன் உள்ளங்காலைத் துடையுங்கள். இல்லாவிட்டால் எண்ணெய்த் தடம் கூடம் வரை போகும், பின்னால் வருபவர் வழுக்கி விழுவார். தண்ணீர் ஊற்றாதீர்கள், பரவும். கடலை மாவோ கோதுமை மாவோ மூன்று நான்கு கைப்பிடி தூவிப் பத்து நிமிடம் விட்டால் உறிஞ்சிக்கொள்ளும். பழைய அட்டையால் வழித்தெடுத்துவிட்டு, பாத்திரம் துலக்கும் திரவம் கலந்த வெந்நீரால் இரண்டு முறை துடைத்து, கடைசியில் உலர்ந்த துணியால் ஒற்ற வேண்டும். முட்டை உடைந்தால் மேலே உப்பைத் தூவுங்கள். பத்து நிமிடத்தில் கெட்டிப்பட்டு வழிக்க வரும். முட்டைக்கும் இட்லி மாவுக்கும் கொதிநீர் ஆகாது, தரையிலேயே வெந்து ஒட்டிக்கொள்ளும். காய்ந்துபோன மாவின்மேல் ஈரத்துணியைப் போட்டுக் கால் மணி நேரம் விட்டால் தானாக எழும்பிவிடும். தோசைத் திருப்பியால் சுரண்டினால் தரைதான் கீறும்.

மஞ்சள் தூள் விஷயத்தில் ஒரு வேடிக்கை நடக்கும். மஞ்சள் கொட்டிய சட்டையில் சோப்பைத் தேய்த்தவுடன் கறை இரத்தச் சிவப்பாக மாறும், குழந்தைக்கு அடிபட்டுவிட்டதோ என்று பதறுபவர்களும் உண்டு. மஞ்சளோடு சுண்ணாம்பு சேர்ந்தால் குங்குமச் சிவப்பு வருவதும் இதனால்தான். சோப்பு, சுண்ணாம்பு போன்ற காரப்பொருள் பட்டால் மஞ்சள் நிறம் மாறும். அலசினால் மீண்டும் மஞ்சளாகும். அந்த நிறத்துக்கு வெயில்தான் எதிரி. துவைத்து, ஈரத்தோடு நேர்வெயிலில் கறை மேலே தெரியும்படி உலர்த்துங்கள். ஒரே நாளில் போகாது, ஒவ்வொரு முறையும் வெளுத்துக்கொண்டே வரும்.

சுவருக்கு மருந்து சுவரின் பூச்சைப் பொறுத்தது. எமல்ஷன் பூசிய சுவரில் கிரையானை ஈரத்துணியில் கொஞ்சம் வெள்ளைப் பற்பசை வைத்து மெல்லத் தேய்த்து எடுத்துவிடலாம். பால்பாயிண்ட் மையைப் பஞ்சில் நனைத்த சானிடைசர் கரைக்கும். டிஸ்டெம்பரும் சுண்ணாம்பும் அப்படித் தாங்காது. தேய்த்தால் கோட்டோடு பூச்சும் வரும், கிறுக்கலைவிட அது அசிங்கம். அந்த வீடுகளில் தரையிலிருந்து மூன்றரை அடி உயரத்துக்குச் சார்ட் தாளை ஒட்டி, 'இது உன் சுவர்' என்று கொடுத்துவிடுவதே நல்லது. இரண்டு வயதுக் குழந்தை கையை உயர்த்தினால் ஏறக்குறைய அந்த உயரம்தான் எட்டும்.

இந்தக் காலத்துக்கே உரிய ஒரு கூத்து, துவைக்கிற துணிகளுக்குள் குழந்தை டயப்பரைப் போட்டுவிடுவது. அதிலுள்ள உறிஞ்சும் பொடி தண்ணீர் குடித்துப் பல மடங்கு ஊதி, ஜவ்வரிசிக் கூழ் மாதிரி எல்லாத் துணியிலும் ஒட்டியிருக்கும். இயந்திரத்தை மறுபடி ஓட்டினால் இன்னும் ஊதும். துணிகளை எடுத்து வெளியே உலரவிட்டு உதறுங்கள், காய்ந்தால் உதிரும். தொட்டிக்குள் இருப்பதைக் கையால் வழித்துக் குப்பையில் போடுங்கள், சாக்கடையில் தள்ளினால் குழாய் அடைக்கும். பிறகு மூன்று கைப்பிடி கல்லுப்பைப் போட்டு வெறும் தொட்டியை ஓட்டுங்கள். உப்புப் பட்டால் அந்தப் பொடி குடித்த நீரைக் கக்கிச் சுருங்கிவிடும். வடிகட்டியைக் கழற்றிக் கழுவ மறக்க வேண்டாம்.

இவ்வளவும் வீட்டுக்குள்ளேயே முடிகிற வேலை. சத்தமும் அலங்கோலமும் இல்லாமல் நடப்பவற்றைத்தான் நான் அஞ்சுகிறேன்.

பூஜை அலமாரியின் கற்பூரத்தைக் கல்கண்டு என்று நினைத்துக் குழந்தை வாயில் போட்டுக்கொள்ளும். ஒரு கிராம்கூடச் சிறு குழந்தையின் உயிருக்கு ஆபத்து. சில நிமிடங்களிலேயே வலிப்பு வரலாம். வாந்தி எடுக்க வைக்கக் கூடாது. மீதியையும் பொட்டலத்தையும் கையோடு எடுத்துக்கொண்டு உடனே கிளம்ப வேண்டும். மண்ணெண்ணெய், பெயிண்ட் தின்னர், கழிவறை கழுவும் திரவம் குடித்துவிட்டாலும் உப்புத் தண்ணீர் கொடுத்து வாந்தி எடுக்க வைக்காதீர்கள். எண்ணெய் வகை திரும்பி வரும்போது நுரையீரலுக்குள் போகும். அமில வகை போன வழியையே இன்னொரு முறை பொசுக்கும். இவற்றைக் குளிர்பான பாட்டிலில் ஊற்றி வைப்பதை நிறுத்தினாலே பாதி விபத்து நடக்காது.

பொத்தான் பேட்டரி எல்லாவற்றிலும் கொடியது. பாட்டுப் பாடும் வாழ்த்து அட்டை, எடை பார்க்கும் கருவி, கார் சாவி, விளக்கு எரியும் பொம்மை எல்லாவற்றிலும் இருக்கிறது. நாணயம்போல இருக்கும் 20 மி.மீ. லித்தியம் பேட்டரி உணவுக்குழாயில் மாட்டிக்கொண்டால், எச்சிலே மின்சுற்றை முழுமையாக்கிவிடும். அதனால் அங்கே உருவாகும் காரம் இரண்டு மணி நேரத்துக்குள் சதையை அரிக்கத் தொடங்கும். வெளியே ஓர் அறிகுறியும் தெரியாமல் இருக்கலாம். இல்லாவிட்டால் எச்சில் ஒழுகும், சாப்பாட்டைத் தள்ளும். 'நாளைக்கு மலத்தில் வந்துவிடும்' என்று காத்திருக்கக் கூடாது. எக்ஸ்ரே எடுத்தே ஆக வேண்டும். ஒரு வயது நிறைந்த குழந்தை என்றால், விழுங்கிப் பன்னிரண்டு மணி நேரத்துக்குள், போகும் வழியில் பத்து நிமிடத்துக்கு ஒரு முறை இரண்டு டீஸ்பூன் தேன் கொடுக்கலாம், அதிகம் போனால் ஆறு முறை. தேன் தேடிக்கொண்டு புறப்படத் தாமதிக்க வேண்டாம். வேறு சாப்பாடும் தண்ணீரும் வேண்டாம். 2021 ஜனவரி முதல் பொம்மைகளுக்கு ஐஎஸ்ஐ முத்திரை கட்டாயம் என்றாலும், திருவிழாக் கடையில் வாங்கும் பொம்மையில் அதைத் தேடுபவர் குறைவு. பேட்டரி மூடிக்குத் திருகாணி இருக்கிறதா என்றாவது பாருங்கள். நகத்தால் நெம்பினால் திறப்பது வீட்டுக்கு வேண்டாம்.

மூக்கில் பாசிமணி போட்டுக்கொள்வது தினமும் எங்காவது நடக்கிறது. ஹேர்பின், இடுக்கி கொண்டு எடுக்கப்போனால் உருண்டையான பொருள் உள்ளேதான் நகரும். பயறு, கடலை என்றால் தண்ணீர் பட்டு ஊதும். ஆகவே சொட்டு மருந்தும் வேண்டாம். குழந்தைக்குப் பழகியவர் செய்யத்தக்க முறை ஒன்று உண்டு. அடைபடாத மூக்குத் துவாரத்தை விரலால் மூடிக்கொண்டு, முத்தம் கொடுப்பதுபோல் குழந்தையின் வாய்மேல் வாயை நன்றாகப் பொருத்தி, ஒரே ஊதலாக ஊத வேண்டும். காற்று வேறு வழியின்றி அடைத்த துவாரம் வழியே பொருளைத் தள்ளிக்கொண்டு வரும். பாதிக்கு மேற்பட்ட முறை வந்துவிடுகிறது. வராவிட்டால் காது மூக்கு தொண்டை மருத்துவரிடம் போங்கள். உள்ளே போனது பேட்டரி என்ற சந்தேகம் இருந்தாலே இதையெல்லாம் செய்து பார்க்காமல் நேரே மருத்துவமனைதான். ஒரு துவாரத்தில் மட்டும் நாற்றத்தோடு சளி ஒழுகினால், எப்போதோ போட்டது உள்ளேயே இருக்கிறது என்று பொருள்.

தரையில் உட்கார்ந்து சாப்பிடும் வீடுகளில் ரசப் பாத்திரத்தை நடுவில் வைப்பது வழக்கம். தவழ்கிற குழந்தை இருக்கும்வரை அதை மேசைக்கோ திண்ணைக்கோ மாற்றுங்கள். சுட்டுவிட்டால் இருபது நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்ட வேண்டும். சதையோடு ஒட்டாத துணியைக் கழற்ற வேண்டும். இட்லி மாவு, பேனா மை, பற்பசை, பனிக்கட்டி எதுவும் வேண்டாம். குளியலறை வாளியில் தண்ணீர் பிடித்து வைக்காதீர்கள். வைத்தே ஆக வேண்டுமென்றால் கதவைப் பூட்டுங்கள். இந்த வயதில் உடம்பின் அளவுக்குத் தலை கனம் அதிகம், எட்டிப் பார்த்துத் தலைகீழாக விழுந்தால் தானாக எழ முடியாது. நான்கு விரற்கடைத் தண்ணீர் போதும், கூச்சல்கூடக் கேட்காது.

பாத்திரத்துக்குள் தலையை விட்டுக்கொள்ளும் செய்தி அடிக்கடி உங்கள் பக்கங்களிலேயே வருகிறது. உள்ளே போகும்போது காது மடங்கிக் கொடுக்கும், இழுக்கும்போது விரிந்து தடுக்கும். குழந்தை பயந்து அழும்போது முகமும் வீங்கும். எனவே இழுப்பதை முதலில் நிறுத்துங்கள். மடியில் உட்கார வைத்துப் பாத்திரத்தின் எடையை ஒருவர் தாங்கிப் பிடிக்கட்டும். மூச்சுக்கு இடமிருக்கிறதா என்று பார்த்துவிட்டு, விளிம்பைச் சுற்றித் தேங்காய் எண்ணெய் விட்டு, காது மடல்களை விரலால் மண்டையோடு ஒட்டி அழுத்தியபடி, நுழைந்த அதே சாய்வில் மெல்லத் திருப்பிக் கழற்ற வேண்டும். இரண்டு முறைக்கு மேல் முயல வேண்டாம். 101-ஐ அழைத்தால் தீயணைப்பு நிலையத்தார் வந்து தகட்டை வெட்டி எடுத்துவிடுவார்கள். சுத்தியலால் தட்டக் கூடாது.

குளியலறைக்குள் போய்த் தாழ் போட்டுக்கொள்வதும் இந்த வகைதான். வெளியிலிருந்து எல்லோரும் கத்தினால் குழந்தை மிரண்டு, தாழை எப்படிப் போட்டோம் என்பதையே மறந்துவிடும். ஒருவர் மட்டும் கதவடியில் உட்கார்ந்து பேச்சுக் கொடுங்கள். இன்னொருவர் ஜன்னல் வழியே உள்ளே குழாய் திறந்திருக்கிறதா, வாளியில் தண்ணீர் இருக்கிறதா என்று பார்க்கட்டும். தண்ணீர் இருந்தால் காத்திருக்காமல் கதவை உடைத்துவிடுங்கள். கைப்பிடிப் பூட்டுகள் பலவற்றில் வெளிப்பக்கம் ஒரு பள்ளம் இருக்கும், நாணயத்தை வைத்துத் திருப்பினால் திறக்கும். தாழ்ப்பாள் என்றால் தச்சரை அழைத்துத் திறக்கச் சொல்லலாம். குழந்தை நடக்கத் தொடங்கிய வீட்டில் எல்லா அறைகளின் கீழ்த் தாழ்ப்பாளையும் கழற்றி, ஐந்தடி உயரத்தில் பொருத்திவிடுவது ஒரு மணி நேர வேலை. அதுவரை கதவின் மேல்விளிம்பில் ஒரு தடித்த துண்டை மடித்துப் போட்டு வையுங்கள். கதவு முழுதாகச் சாத்தாது, விரலும் நசுங்காது.

இப்படிக்கு,
குழந்தைகள் காப்பகப் பொறுப்பாளர்,
திருச்சிராப்பள்ளி.