எலெக்டிவ் பாடம்: மாணவர்களிடம் கேட்டுவிட்டு டைம்டேபிள் போடுங்கள்

ஆசிரியருக்கு வணக்கம்.

தென் மாவட்டத் தனியார் கல்லூரி ஒன்றில் பி.இ. கம்ப்யூட்டர் சயின்ஸ் மூன்றாம் ஆண்டு படிக்கிறேன். அரசுப் பள்ளியில் படித்து, 7.5 சதவீத உள் ஒதுக்கீட்டில் சேர்ந்தவள். அண்ணா பல்கலைக்கழகத்தின் 2021 பாடத்திட்டப்படி ஐந்தாவது, ஆறாவது செமஸ்டர்களில் எங்கள் துறை சார்ந்த எலெக்டிவ், அதாவது பட்டியலிலிருந்து தேர்ந்தெடுத்துப் படிக்கும் பாடங்கள் ஆறு. டேட்டா சயின்ஸ், ஃபுல் ஸ்டாக், கிளவுட், சைபர் செக்யூரிட்டி என்று பட்டியல் பெரிதுதான். ஆனால் எங்கள் கல்லூரியில், தரவிலிருந்து கணினியைக் கற்க வைக்கும் 'நியூரல் நெட்வொர்க்ஸ் அண்ட் டீப் லேர்னிங்', தொலைவில் உள்ள கணினிகளை இணையம் வழியே பயன்படுத்தும் 'கிளவுட் கம்ப்யூட்டிங்' இரண்டையும் ஒரே பீரியடில் போட்டுவிட்டார்கள். எனக்கு இரண்டும் வேண்டும்.

கிளவுட் எடு, மார்க் விழும், ப்ளேஸ்மென்ட்டுக்கும் ஆகும் என்கிறார்கள் சீனியர்கள். எனக்கு அப்படித் தோன்றவில்லை. லேப்டாப்பும் நெட்டும் இருந்தால் கணினிக்குள் இன்னொரு கணினிபோல இயங்கும் ஒரு விர்ச்சுவல் மெஷினை ஓடவிட்டு, தப்பும் தவறுமாகச் செய்து பார்த்தே கிளவுடைப் பழகிவிடலாம். நியூரல் நெட்வொர்க் அப்படி வராது. வெளியீட்டில் வந்த பிழையிலிருந்து பின்னோக்கிப் போய் ஒவ்வொரு எடையையும் (நெட்வொர்க்கின் இணைப்புகளுக்கு உள்ள எண்கள்) எவ்வளவு திருத்துவது என்று பார்க்கிற பேக்ப்ராபகேஷன் கணக்கில், முதலாமாண்டு கால்குலஸ் அத்தனையும் திரும்ப வந்து நிற்கும். ஒரு வரி பிடிபடாவிட்டால் அடுத்த வரி நகராது. அந்த இடத்தில் சந்தேகம் கேட்க எதிரே ஓர் ஆசிரியர் வேண்டும். அதனால் வகுப்புக்கு அதைத்தான் எடுத்தேன்.

சரி, கிளவுடை என்.பி.டி.இ.எல். என்ற இணையவழிப் பாடத்தளம் வழியாகப் படிக்கலாம். ஐ.ஐ.டி. கரக்பூர் பேராசிரியரின் பாடம் அதில் இருக்கிறது. சேருவது இலவசம், தேர்வுக்கு மட்டும்தான் கட்டணம். கல்லூரி அனுமதித்தால் இப்படிப் படித்ததை எலெக்டிவுக்குப் பதிலாகக் கணக்கில் எடுத்துக்கொள்ள விதியிலும் இடமுண்டு. ஆனால் எங்கள் துறையில் அந்த அனுமதி பற்றிய அறிவிப்பு வந்தபோது பதிவுக்கான தேதியே முடிந்திருந்தது.

வீட்டில் கேட்டுத் தெரிந்துகொள்ள ஆளில்லாத முதல் பட்டதாரிகள் என் வகுப்பில் நிறைய. எந்த எலெக்டிவுக்கு எந்தக் கணக்கு, எந்தப் பழைய பாடம் தெரிந்திருக்க வேண்டும் என்று நோட்டீஸ் போர்டில் ஒரு தாள் ஒட்டினாலே அவர்கள் யோசித்து எடுப்பார்கள். டைம்டேபிள் போடுவதற்கு முன்பே யாருக்கு எது வேண்டும் என்று எழுதி வாங்குங்கள். பலர் சேர்த்துக் கேட்கும் இரண்டு பாடங்களை வெவ்வேறு பீரியடில் வையுங்கள். என்.பி.டி.இ.எல். அனுமதியைப் பதிவு முடிவதற்குள் சொல்லிவிடுங்கள். துறைத் தலைவர்கள் அடுத்த செமஸ்டருக்குள் இதைச் செய்து தர வேண்டும்.

- மூன்றாம் ஆண்டு மாணவி, விருதுநகர் மாவட்டம்