மாத்திரைப் பெட்டிக்குள் இருக்கும் தாள்

ரங்கூன்

அன்பு மகள் தேன்மொழிக்கு அப்பா எழுதிக்கொண்டது. இங்கு நானும் அம்மாவும் நலம். உன் நலமும் மாப்பிள்ளை நலமும் அறிய ஆவல்.

போனில் லைன் விட்டு விட்டு வருகிறது, கரண்டும் சொன்ன நேரத்துக்கு இருப்பதில்லை. நீயும் கொஞ்ச நாளாக வீடியோவில் முகம் காட்டுவதில்லை. மாப்பிள்ளைதான் எடுத்து, "அசதியா படுத்திருக்கா மாமா" என்கிறார். அதனால்தான் கடிதம். பெரிய மாப்பிள்ளை சிங்கப்பூர் வருகிறார், அவரிடம் கொடுத்தனுப்புகிறேன்.

உனக்குப் பிரஷர் இருப்பதை அக்கா சொல்லித்தான் தெரிந்துகொண்டேன். மருந்துக் கடைக்காரன் மகள் நீ, அப்பாவிடம் ஒரு வார்த்தை சொல்லக் கூடாதா? சரி, விடு. டெல்மிசார்டன் 40 என்றாள். நல்ல மருந்து, ஒரு வேளை போட்டால் நாள் முழுக்க நிற்கும். அம்மாவுக்கு முதலில் எனலாப்ரில் கொடுத்து, ராத்திரியெல்லாம் வறட்டு இருமல் வந்து, டிபியோ என்று பயந்து எக்ஸ்ரே வரை போனோமே. லோசார்டனுக்கு மாற்றியதும் நின்றது. 'பிரில்' வகைக்கு அந்தக் குணம் உண்டு, 'சார்டன்' வகையில் அது அபூர்வம். எனக்கு அம்லோடிபின். பிரஷர் அடங்கியிருக்கிறது, ஆனால் சாயங்காலமானால் கால் வீங்கிச் செருப்பு வார் பதிந்த தடம் அப்படியே கிடக்கிறது.

எது உசத்தி என்று கடையில் தினமும் கேட்கிறார்கள். 2002-ல் ஆல்ஹாட் என்ற ஆய்வின் முடிவு அமெரிக்காவில் வந்தது. 55 வயதும் அதற்கு மேலும் ஆன 33,000-க்கும் அதிகமானவர்களை வைத்து, குளோர்தாலிடோன் என்ற பழைய, மலிவான தண்ணி மாத்திரையை, அதாவது சிறுநீரை அதிகம் பிரியவைக்கும் மாத்திரையை, அம்லோடிபினோடும் லிசினோப்ரிலோடும் ஒப்பிட்டார்கள். மாரடைப்பைத் தடுப்பதில் மூன்றும் சமம். இதயம் பலவீனப்படுவது தண்ணி மாத்திரைக்காரர்களிடம்தான் குறைவு. விலை கூடினால் மருந்தும் உசத்தி என்று வருகிறவர்களுக்கு இதைத்தான் சொல்வேன். ஆனால் அது வயதானவர்கள் கணக்கு. உனக்கு 34. உன் வயதுப் பெண்ணுக்கு மருந்து பார்க்கும்போது பிரஷர் எவ்வளவு இறங்குகிறது என்று மட்டும் பார்த்தால் போதாது.

மாத்திரைப் பெட்டிக்குள் ஒரு தாள் மடித்து வைத்திருப்பார்கள். இங்கே அஞ்சு மாத்திரை கேட்டால் அட்டையைக் கத்தரியால் வெட்டிக் கொடுக்கிறோம், தாள் கடையிலேயே தங்கிவிடுகிறது. நீ பெட்டியோடு வாங்குகிறாயாம். அந்தத் தாளை எடுத்துக் கடைசி வரை படி. பெண்களுக்கென்று ஒரு பத்தி இருக்கும்.

நீ அம்மா வயிற்றில் இருந்தபோது அவளுக்குப் பிரஷர் ஏறியது. டாக்டர் மெத்தில்டோபா எழுதினார். அதைப் போட்டால் உட்கார்ந்த இடத்திலேயே தூங்கிப் போவாள். அப்போது சோறு வடித்ததெல்லாம் நான்தான். பெரியத்தை பீலிக்கான் கோயிலுக்கு நேர்ந்துகொண்டாள். நீ நல்லபடியாகப் பிறந்தாய். மெத்தில்டோபா, லபெட்டலால், மெதுவாகக் கரையும் நிபெடிபின், அந்த மாதிரி நேரத்தில் இன்றைக்கும் இவற்றைத்தான் கொடுக்கிறார்கள். பிரிலும் ஆகாது, சார்டனும் ஆகாது. மாதம் ஏற ஏறக் குழந்தையின் கிட்னியைக் கெடுக்கும், பனிக்குட நீரைக் குறைக்கும். அப்படி ஒரு எண்ணம் இருந்தாலே முன்கூட்டி டாக்டரிடம் சொல்லி மாற்றிக்கொள்வார்கள். பொதுவாகத்தான் சொல்கிறேன் பாப்பா.

ஆனால் நீயாக நிறுத்திவிடாதே. மருந்தில்லாமல் பிரஷர் ஏறினால் அதுவும் ஆபத்து. டாக்டரைப் பார், அன்றைக்கே பார், லீவு கிடைக்கவில்லை என்று தள்ளிப்போடாதே. நீ வாங்கி அனுப்பிய பிரஷர் மெஷினைத் தெருவில் எல்லோரிடமும் காட்டிப் பெருமைப்படுகிறாள் அம்மா. உன் வீட்டில் ஒன்று இருக்கிறதா? காலையில் அஞ்சு நிமிஷம் சும்மா உட்கார்ந்துவிட்டு அளந்து, எழுதி வை. பெனின்சுலா பிளாசாவில் ஙப்பி, இந்த ஊர் மீன் விழுது, கிடைக்கிறது என்று வாங்கித் தின்னாதே, அத்தனையும் உப்பு.

மறுபடியும் சொல்கிறேன், நீயாக நிறுத்தாதே.

அம்மாவிடம் பேசு. என்னிடம் சொல்லக் கூச்சமாக இருந்தால் ஒன்றும் சொல்ல வேண்டாம். டாக்டர் மாத்திரையை மாற்றினால் புது மாத்திரையின் பெயரை மட்டும் அனுப்பு. நான் புரிந்துகொள்வேன்.

அன்புடன்
அப்பா