குடியிருப்போர் நலச் சங்கம், சேலம்: செயலாளரின் ஆண்டறிக்கை 2024–25

மதிப்பிற்குரிய தலைவர் அவர்களுக்கும், பொருளாளர், செயற்குழு உறுப்பினர்களுக்கும், ஞாயிற்றுக்கிழமை வேலையை ஒதுக்கிவைத்துவிட்டு வந்திருக்கும் சங்க உறுப்பினர்கள் அனைவருக்கும் வணக்கம். 2024 ஏப்ரல் முதல் 2025 மார்ச் வரையிலான ஆண்டறிக்கையைப் பொதுக்குழுவின் முன் வைக்கிறேன்.

குடிநீர், சாக்கடை, தெருவிளக்கு, பூங்கா வேலைகளின் விவரம் உங்கள் கையிலுள்ள அச்சிட்ட தாளில் இருக்கிறது. வரவு செலவைப் பொருளாளர் படிப்பார். எனக்குக் கிடைத்த நேரத்தைக் குற்றங்கள், காவல்துறை பற்றிப் பேசவே பயன்படுத்திக்கொள்கிறேன். நம் தெருக்களில் இந்த ஆண்டு நடந்தவற்றில் பாதிக்கு மேல் எந்தக் காவல் நிலையப் பதிவேட்டிலும் இல்லை. அதுதான் என்னை உறுத்துகிறது.

முதலில் மார்கழி மாதச் சம்பவம். விடியற்காலையில் வாசலில் கோலம் போட்டுக்கொண்டிருந்த நம் உறுப்பினர் அம்மா ஒருவரிடம் பைக்கில் வந்த இரண்டு பேர் முகவரி கேட்டிருக்கிறார்கள். நிமிர்ந்து பதில் சொல்வதற்குள் தாலிக்கொடியை இழுத்துவிட்டார்கள். பாதி அவர் கையில் நின்றது, பாதி போய்விட்டது. கழுத்தில் ஏற்பட்ட காயத்துக்கு மருந்து போட்டுக்கொண்டு, மகனோடு காவல் நிலையம் போனார். "அந்தத் தெருவோட வடக்குப் பக்கம் எங்க லிமிட் இல்லீங்க" என்று அங்கே சொன்னார்கள். அடுத்த நிலையத்துக்குப் போனால், தெற்குப் பக்கமாகத் தப்பித்துப் போனதால் முதல் நிலையத்திலேயே கொடுக்கச் சொன்னார்கள். வெயில் ஏறிவிட்டது. அந்த அம்மா வீட்டுக்கே திரும்பிவிட்டார். "போனது போகட்டும் தம்பி, உயிர் இருக்கே" என்றார் என்னிடம்.

போகட்டும் என்று விட முடியவில்லை. 2024 ஜூலை 1 முதல் நாடு முழுவதும் புதிய குற்றவியல் சட்டங்கள் நடைமுறையில் இருக்கின்றன. அவற்றில் குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 173ஆம் பிரிவு, குற்றம் எந்த எல்லையில் நடந்திருந்தாலும் எந்த நிலையத்திலும் தகவல் கொடுக்கலாம் என்று தெளிவாகச் சொல்கிறது. ஜீரோ எஃப்ஐஆர் என்பது இதுதான். எல்லை பார்த்து மாற்றி அனுப்புவது அவர்கள் வேலை. மின்னஞ்சல் போன்ற மின்னணு வழியிலும் புகார் தரலாம். மூன்று நாளுக்குள் நேரில் போய்க் கையெழுத்துப் போட்டால் பதிவாகும். பிடியாணை இல்லாமலே கைது செய்வதற்குரிய குற்றம் என்று புகாரிலேயே தெரிந்தால் வழக்குப் பதிந்தே ஆக வேண்டும் என்று உச்ச நீதிமன்றம் லலிதா குமாரி வழக்கில் 2013லேயே சொல்லியிருக்கிறது. செயற்குழுவிலிருந்து மூன்று பேர் அந்த அம்மாவை அழைத்துக்கொண்டு மறுநாள் போனோம். நிலையத்திலிருந்த பெண் உதவி ஆய்வாளர் எழுதி வைத்திருந்த மனுவைப் படித்தார், காயத்தைப் பார்த்தார், அரை மணி நேரத்தில் வழக்குப் பதிந்தார். எஃப்ஐஆர் நகலைக் காசு வாங்காமல் கையில் கொடுத்தார். முதல் நாள் நடந்ததும் காவல்துறைதான், மறுநாள் நடந்ததும் காவல்துறைதான். இரண்டையும் நான் பதிவு செய்கிறேன்.

பழைய இந்தியத் தண்டனைச் சட்டத்தில் பறிப்பு என்ற பெயரில் தனிக் குற்றம் கிடையாது. புதிய பாரதிய நியாய சன்ஹிதாவின் 304ஆம் பிரிவு அதைத் தனிக் குற்றமாக்கி, 3 ஆண்டு வரை சிறை என்கிறது. அந்தப் பிரிவில்தான் வழக்கு பதிவானது.

அப்புறம் கேமரா. நம் சங்கம் நன்கொடை திரட்டி வைத்த கேமராக்கள் தெருமுனைகளில் இருக்கின்றன. குற்றப்பிரிவு காவலர்கள் வந்து பதிவைப் பார்த்தபோது பைக் தெரிந்தது, நம்பர் பிளேட் தெரியவில்லை. எதிரே வந்த பால் வண்டியின் விளக்கு வெளிச்சத்தில் எழுத்துகள் வெள்ளையாகக் கரைந்துபோயிருந்தன. இன்னொரு கேமராவின் கண்ணாடி மேல் சிலந்தி வலை கட்டி, மூடுபனி இறங்கியதுபோல் படம். காட்சிகளைப் பதிவு செய்யும் டிவிஆர் கருவியின் கடிகாரமோ நாற்பது நிமிடம் பின்தங்கி ஓடிக்கொண்டிருந்தது. ஒரு கேமராவில் போன வண்டியை அடுத்த தெருக் கேமராவில் தேட வேண்டுமென்றால் நேரம்தான் நூல். அந்தக் காவலர் ஒவ்வொரு டிவிஆர் கடிகாரத்தையும் தன் கைப்பேசி நேரத்தோடு ஒப்பிட்டு, வித்தியாசத்தை ஒரு தாளில் குறித்துக்கொண்டு, இரவு வரை உட்கார்ந்து பார்த்தார். கடைசியில் ஒரு தனியார் வீட்டுக் கேமராவில்தான் நம்பர் கிடைத்தது. பிடிபட்டவர்கள் இரண்டு பேரும் நம் மாவட்டத்துக்காரர்கள்.

அந்த வீட்டுக்காரர் பதிவைக் கொடுக்கத் தயங்கினார் என்பதையும் சொல்ல வேண்டும். கேமராப் பதிவு நீதிமன்றத்தில் சாட்சியமாக நிற்க, புதிய சாட்சியச் சட்டமான பாரதிய சாட்சிய அதினியத்தின் 63ஆம் பிரிவின்படி சான்றிதழ் வேண்டும். அதில் ஒரு பகுதியில் கருவியைப் பொறுப்பில் வைத்திருப்பவர் கையெழுத்துப் போட வேண்டும். "கையெழுத்துப் போட்டா கோர்ட்டு படி ஏறணுமே" என்பது அவர் பயம். ஏற வேண்டியும் வரலாம், பொய் சொல்லித் தேற்ற மாட்டேன். ஆனால் அந்தக் கையெழுத்து இல்லாவிட்டால் வழக்கு நீதிமன்றத்தில் நிற்பது கஷ்டம். அவர் போட்டார். அவருக்குப் பொதுக்குழு கைதட்டி நன்றி சொல்ல வேண்டும் என்று கேட்டுக்கொள்கிறேன்.

திருட்டும் பறிப்பும் கண்ணுக்குத் தெரிகிற குற்றங்கள். போனிலும் திரையிலும் நடப்பதுதான் இந்த ஆண்டு நம் பகுதியில் அதிகப் பணத்தைக் கொண்டுபோயிருக்கிறது. பாதிக்கப்பட்ட உறுப்பினர் ஒருவரின் சம்மதத்தோடு இதைச் சொல்கிறேன், பெயர் வேண்டாம். ஓய்வுபெற்ற அரசு ஊழியர். உங்கள் ஆதார் எண்ணில் அனுப்பிய பார்சலில் போதைப்பொருள் சிக்கியிருக்கிறது என்று அழைப்பு வந்தது. பிறகு வீடியோ அழைப்பில் சீருடையோடு ஒருவர். பின்னால் காவல்துறைச் சின்னம். "நீங்கள் டிஜிட்டல் அரெஸ்டில் இருக்கிறீர்கள், கேமராவை விட்டு நகரக் கூடாது, யாரிடமும் பேசக் கூடாது" என்று உட்கார வைத்துவிட்டார்கள். கூடத்தில் நாற்காலியில் இரவெல்லாம் அப்படியே. மனைவி கொண்டுவந்த காபியைக்கூடக் கையை மட்டும் நீட்டி வாங்கியிருக்கிறார். இரண்டாம் நாள் அந்த அம்மா கொல்லைப்புறமாக வந்து, பக்கத்து வீட்டுச் சுவரருகே நின்று, "தம்பி, மாமா யார்கிட்டயோ போன்லயே உக்காந்திருக்காரு, எந்திரிக்கவே மாட்டேங்கறாரு" என்று மெல்லச் சொன்னார். அந்தத் தம்பி உள்ளே போய் போனை வாங்கி அணைத்தார். அதற்குள் பணம் போயிருந்தது.

நம் நாட்டுச் சட்டம் எதிலும் டிஜிட்டல் அரெஸ்ட் என்று ஒன்று கிடையாது. வீடியோவில் யாரையும் கைது செய்ய முடியாது. 2024 அக்டோபரில் பிரதமரே வானொலி உரையில் இதை எச்சரித்தார். இருந்தும் படித்தவர்கள், பதவியில் இருந்தவர்கள்தான் அதிகம் மாட்டுகிறார்கள். சட்டத்துக்குப் பயந்து வாழ்ந்தவர்களின் அந்தப் பயத்தையே பிடித்து உலுக்குகிறார்கள் இந்தக் கயவர்கள்.

அந்தத் தம்பி செய்த புத்திசாலித்தனம், உடனே 1930க்கு அழைத்தது. அது சைபர் நிதி மோசடிக்கான தேசிய உதவி எண். பணம் அனுப்பிய நேரம், வங்கி, பரிவர்த்தனை எண் ஆகியவற்றைச் சொன்னால், பணம் போய்ச் சேர்ந்த வங்கிக்குத் தகவல் போய், அங்கே இன்னும் எடுக்கப்படாமல் இருக்கும் தொகை முடக்கப்படும். மோசடிக்காரர்கள் ஒரு கணக்கிலிருந்து பல கணக்குகளுக்கு நிமிடக் கணக்கில் பிரித்து மாற்றிவிடுவார்கள். அதனால்தான் வீட்டில் கூடிப் பேசி, அழுது, ஜோசியம் கேட்டு, மறுநாள் போவோம் என்றால் ஒன்றும் மிஞ்சாது. இவருக்கு ஒரு பகுதி முடக்கப்பட்டு, நீதிமன்ற உத்தரவின் மூலம் திரும்பக் கிடைத்தது. இதைக் கேட்டபின் நம் தெருக்களிலேயே இன்னும் சிலர், பகுதி நேர வேலை, பங்குச் சந்தை வாட்ஸ்அப் குழு, கடன் செயலி என்று தாங்கள் ஏமாந்ததை என்னிடம் தனியாக வந்து சொன்னார்கள். ஒருவரும் புகார் கொடுத்திருக்கவில்லை. வெட்கம். மருமகளுக்குத் தெரியக் கூடாது, சம்பந்தி வீட்டுக்குத் தெரியக் கூடாது.

ஏமாந்தவர் வெட்கப்பட ஒன்றும் இல்லை என்பதோடு இதில் இன்னொரு விஷயமும் இருக்கிறது. தேசியக் குற்ற ஆவணக் காப்பகம் வெளியிடும் புள்ளிவிவரம் பதிவான வழக்குகளை மட்டுமே எண்ணுகிறது. அதிலும் பெருநகரங்களுக்கான அத்தியாயத்தில் 20 லட்சத்துக்கு மேல் மக்கள்தொகை கொண்ட ஊர்கள்தான். தமிழ்நாட்டிலிருந்து சென்னையும் கோவையும் மட்டும். நம்மைப் போன்ற ஊரின் நிலவரம் நாம் கொடுக்கும் புகார்களிலிருந்துதான் உருவாக வேண்டும். இரவு ரோந்துக்கு ஆள் கேட்டு நாங்கள் போனபோது, "உங்க ஏரியாவில கேஸே இல்லையே சார்" என்றார் ஓர் அதிகாரி. அவர் கையிலிருந்த தாளின்படி அவர் சொன்னது சரி.

ரோந்து பற்றி: நம் வேண்டுகோளுக்குப் பிறகு கோயில், ஏடிஎம், பள்ளி வாசல் ஆகிய இடங்களில் பட்டா புத்தகம் எனப்படும் ரோந்துப் பதிவேடு வைக்கப்பட்டு, இரவுக் காவலர்கள் கையெழுத்திட்டுப் போகிறார்கள். ஊருக்குப் போகிறவர்கள் பூட்டிய வீட்டு விவரத்தை நிலையத்தில் எழுத்தில் கொடுத்துவிட்டுப் போகும் பழக்கமும் ஆடி, பொங்கல் விடுமுறைகளில் ஓரளவு வந்திருக்கிறது.

நம் பகுதிக்கே உரிய ஒரு சிக்கல் உண்டு. அஸ்தம்பட்டிப் பக்கம் மாநகரக் காவல் ஆணையரின் கீழ், மேலே ஏற்காடு மாவட்டக் காவல் கண்காணிப்பாளரின் கீழ். சனி, ஞாயிறுகளில் மலைக்குப் போய்க் குடித்துவிட்டு இறங்கும் பைக் கூட்டம் இருபது கொண்டை ஊசி வளைவுகளையும் கடந்து நம் தெருமுனை வழியாகத்தான் சீறிக்கொண்டு வருகிறது. அடிவாரத்தில் சோதனை நடக்கும் நாட்களில் வேகம் அடங்குகிறது, இல்லாத நாட்களில் பழைய கதைதான். இரு தரப்புக்கும் சேர்த்து ஒரே மனுவாகக் கொடுத்திருக்கிறோம்.

போதை விஷயத்தில் சுருக்கமாக. 2024 ஜூனில் கள்ளக்குறிச்சி விஷச் சாராயத்தில் 60க்கும் மேற்பட்டோர் இறந்தபோது, அங்கிருந்து நம் சேலம் அரசு மருத்துவமனைக்கு ஆம்புலன்ஸ்கள் வரிசையாக வந்ததைப் பார்த்தோம். அதன் பிறகும் காலி மனைக்குள் கஞ்சா, மாத்திரை என்று நடக்கிறது. முட்புதரை வெட்டினோம், மாநகராட்சி விளக்குப் போட்டது. தகவல் சொல்ல 10581 என்ற எண் இருக்கிறது. சொல்பவர் பெயர் வெளியே வராது.

அம்மாப்பேட்டையில் ஒரு திருமண மண்டபத்தில் அறக்கட்டளை என்ற பெயரில் பணம் கட்டினால் பல மடங்காகத் தருவதாகக் கூட்டம் சேர்த்த விவகாரம் 2025 ஜனவரியில் நாடறிய வந்தது. கட்டியவர்களில் பெரும்பாலோர் சாதாரண மக்கள். நம் பகுதியிலும் பதிவில்லாத தீபாவளிச் சீட்டு பிடிப்பவர்கள் இருக்கிறார்கள் என்பதால், சீட்டு பதிவானதா என்று கேட்காமல் பணம் கட்டாதீர்கள். அவ்வளவுதான் சொல்வேன்.

கடந்த கூட்டத்தில் சில உறுப்பினர்கள், வடமாநிலத் தொழிலாளர்களை மட்டும் கணக்கெடுக்க வேண்டும் என்று தீர்மானம் கொண்டுவந்தார்கள். 2024 செப்டம்பரில் திருச்சூர் ஏடிஎம்களைக் கொள்ளையடித்த வடநாட்டுக் கும்பல், கண்டெய்னர் லாரியில் பக்கத்து நாமக்கல் மாவட்டத்தில் பிடிபட்டதைக் காரணமாகக் காட்டினார்கள். செயற்குழு அதை ஏற்கவில்லை. நம் வீடுகளுக்கு டைல்ஸ் ஒட்டுபவர்களுக்கும் ஹோட்டலில் தோசை வார்ப்பவர்களுக்கும் அந்தக் கும்பலோடு என்ன சம்பந்தம்? நம் பகுதி வழக்குகளில் பிடிபட்ட யாரும் வெளிமாநிலத்தவர் இல்லை. வாடகைக்கு வருபவர் எவராக இருந்தாலும் அடையாள நகல் வாங்குவது என்ற பொதுவான தீர்மானமே நிறைவேறியது. செயலாளர் என்ற முறையில் அதில் எனக்கு முழு உடன்பாடு.

இன்றைய பொதுக்குழுவின் ஒப்புதலுக்கு மூன்று விஷயங்கள். கேமராக்களுக்கு ஆண்டுப் பராமரிப்பு ஒப்பந்தம். மாதம் ஒருமுறை கண்ணாடி துடைத்து, டிவிஆர் கடிகாரத்தைச் சரிபார்ப்பது அதில் சேரும். புகார் கொடுக்கப் போகிறவரோடு துணைக்குச் செல்ல, ஒவ்வொரு தெருவிலிருந்தும் ஓர் ஆண், ஒரு பெண் கொண்ட குழு. மூன்றாவது, மனு கொடுத்தால் அதைப் பெற்றுக்கொண்டதற்கான சிஎஸ்ஆர் ரசீது, வழக்கானால் எஃப்ஐஆர் நகல், இரண்டில் ஒன்றைக் கையில் வாங்காமல் நிலையத்தை விட்டு வரக் கூடாது என்று உறுப்பினர்கள் உறுதி எடுப்பது. விசாரணை எந்த அளவில் இருக்கிறது என்பதை 90 நாளுக்குள் புகார்தாரருக்குத் தெரிவிக்க வேண்டும் என்றும் புதிய சட்டம் சொல்கிறது. அந்த நகல் கையில் இருந்தால்தான் போய்க் கேட்க முடியும்.

தெருவின் இரு பக்கத்தையும் ஒரே நிலைய எல்லைக்குள் கொண்டுவரக் கேட்டு, புதன்கிழமைக் குறைதீர் முகாமில் நாம் கொடுத்த மனுவுக்கு இன்னும் பதில் வரவில்லை. ரசீது அலுவலகக் கோப்பில் இருக்கிறது. அடுத்த செயற்குழு முதல் வேலையாக அதை எடுத்துக்கொள்ள வேண்டும்.

ஒத்துழைத்த காவலர்களுக்கும், பெயர் சொல்ல விரும்பாத உறுப்பினர்களுக்கும், தெருப் பொறுப்பாளர்களுக்கும் நன்றி. அறிக்கையை ஏற்றுக்கொள்ளுமாறு பொதுக்குழுவைக் கேட்டுக்கொள்கிறேன்.

செயலாளர்