மதகைத் தாண்டி வந்த குப்பை அஞ்சல்

ஆசிரியர் அவர்களுக்கு,

மன்னார்குடி பக்கம் எங்கள் உழவர் குழுவின் மின்னஞ்சல் சர்வரை, வயல் வேலை இல்லாத நேரத்தில் நான்தான் கவனித்துக்கொள்கிறேன். 42 பேருக்கு மெய்நிகர் கணக்குகள். சர்வரில் யாருக்கும் தனிப் பயனர் கிடையாது, எல்லாப் பெட்டிகளும் ‘விமெயில்’ என்ற ஒரே பயனரின் பொறுப்பில். குப்பை அஞ்சலைத் தனிக் கோப்புறையில் தள்ள, அஞ்சலை வடிகட்டும் ‘சீவ்’ என்ற மொழியில் விதி எழுதினேன். ஒரு மாதமாகியும் ஒன்றும் நடக்கவில்லை. விதைநெல் விலைப்பட்டியல் லாட்டரி அஞ்சல்களுக்கு அடியில் புதைந்து, நாற்றங்கால் விடுவதே தள்ளிப்போனது. மாமா இன்னும் சொல்லிக்காட்டுகிறார்.

காரணம் இதுதான்: வரும் அஞ்சலை வாங்கும் போஸ்ட்ஃபிக்ஸ் மென்பொருள், தன் சொந்த ‘விர்ச்சுவல்’ நிரல் வழியாக அதை நேரே பெட்டியில் போட்டுக்கொண்டிருந்தது. சீவ் விதியைப் படிப்பதோ, பெட்டிகளைக் கவனிக்கும் டவ்காட் என்ற வேறொரு மென்பொருள். தண்ணீர் கரையை உடைத்துக்கொண்டு பாய்ந்தால் மதகுப் பலகை என்ன செய்யும்? போஸ்ட்ஃபிக்ஸின் ‘விர்ச்சுவல் டிரான்ஸ்போர்ட்’ அமைப்பில், டவ்காட் அஞ்சலை வாங்கிக்கொள்ளும் வாசலான எல்எம்டிபி சாக்கெட்டைக் காட்டி, டவ்காட்டின் எல்எம்டிபி பகுதியில் சீவ் செருகியையும் சேர்த்ததும் சரியாயிற்று. இரண்டில் ஒன்றை விட்டாலும் வடிகட்டாது.

சந்தேக அஞ்சலை அடியோடு அழிக்கும் விதியை மட்டும் நான் எழுதுவதில்லை. வங்கிக் கடிதமே சில நாள் குப்பையில் கிடக்கிறது.

உங்கள் கணினிப் பக்கத்தில் புதுக் கைப்பேசிகளுக்குத் தரும் இடத்தில் கால் பங்கை இதுபோன்ற சர்வர் வேலைகளுக்கும் ஒதுக்கலாமே?

ஒரு வாசகர்,
மன்னார்குடி