பாட்டிலில் ஏறிய வெயில்

அன்புள்ள நண்பா,

உன் கடிதம் வந்து மூன்று வாரமாகிறது. மகளுக்கு வேலை கிடைத்ததை வீட்டில் எல்லோரிடமும் சொல்லிவிட்டேன். முழங்கால் வலியோடு இன்னும் பட்டறைத் தரையில் குத்துக்கால் போட்டுத்தான் வேலை பார்க்கிறாயா? முதலில் ஒரு முக்காலி வாங்கு.

பந்தய பைக்கில் கூடுதல் வேகத்துக்காக நைட்ரஸ் (நைட்ரஸ் ஆக்சைடு வாயு) அடித்தால் எஞ்சின் போய்விடுமா என்று கேட்டிருந்தாய். எஞ்சின் போவது பெரும்பாலும் பெட்ரோல் போதாமல்தான். நைட்ரஸ் எரிபொருளே இல்லை. அதன் எடையில் 36 சதவீதம் ஆக்சிஜன்; காற்றில் 23தான். எஞ்சினுக்குள் சுமார் 300 டிகிரி சூட்டில் அது உடைந்து ஆக்சிஜனை விடுகிறது. அதற்கு ஈடாகப் பெட்ரோலும் கூடப் போக வேண்டும். குறைந்தால் சூடு எகிறி, பிஸ்டன் உருகும்.

எனக்கே நடந்தது. இங்கே இங்கிலாந்தில், பெட்ஃபோர்டுஷயரில் சாண்டா பாட் என்று ஒரு டிராக் ரேஸ் (drag race) பாதை; நேர்கோட்டில் கால் மைல் ஓடும் பந்தயம். இரண்டாம் உலகப் போரில் அமெரிக்கக் குண்டுவீச்சு விமானங்கள் கிளம்பிய தளம் அது. 1966 முதல் பந்தயம் நடக்கிறது. அங்கே போகும்போதெல்லாம் நாம் பஸ் ஏறிப் போய்ப் பார்த்த சோழவரம் பந்தயம் ஞாபகம் வரும். அதுவும் போர்க்கால விமானத் தளம்தானே!

நண்பர் ஒருவரின் 1340 சிசி சுசுகி ஹயபுசா பைக்குக்கு நான்தான் டியூனிங். நைட்ரஸுக்கு ஒரு சொலினாய்டு (மின்சாரத்தில் திறக்கும் வால்வு), பெட்ரோலுக்கு ஒன்று. இரண்டுக்கும் தனித்தனி ஜெட், அதாவது பாயும் அளவைத் தீர்மானிக்கும் சின்னத் துளை. காலையில் 20 டிகிரி, பாட்டிலில் 50 பார் அழுத்தம். அதற்குத் தகுந்த ஜெட் போட்டேன். இரண்டு ஓட்டம் அருமையாகப் போனது. அப்புறம் வரிசையில் நின்றோம், ஒரு மணி நேரம், நல்ல வெயிலில். பாட்டில் 30 டிகிரிக்கு வந்தாலே அழுத்தம் 63 பார் ஆகிவிடும். நைட்ரஸ் கூடுதலாகப் பாய்ந்தது. பைக்கின் பெட்ரோல் பம்ப் காலையில் தந்ததையேதான் தந்தது. கால் மைல் முடிவதற்குள் சத்தம் மாறியது. திறந்து பார்த்தால் மூன்றாவது பிஸ்டனின் ஓரம் மெழுகுபோல் வழிந்திருந்தது. அழுத்த மீட்டரைப் பார்க்காமல் அனுப்பியது என் தவறு. அன்று இரவு தூக்கமே வரவில்லை.

இப்போது ஒவ்வொரு ஓட்டத்துக்கு முன்பும் மீட்டர்தான் முதல் வேலை. அழுத்தம் குறைந்தால் ஹீட்டர் போர்வை, கூடினால் ஈரத்துணி. உங்கள் ஊரில் இதுதான் பெரிய தலைவலியாக இருக்கும். 36.4 டிகிரியைத் தாண்டினால் பாட்டிலுக்குள் திரவமே இருக்காது, எல்லாம் வாயு. நீ போட்ட ஜெட் கணக்கு மொத்தமும் வீண். சென்னை மே வெயிலில் யாராவது இதைச் செய்தால் பாட்டிலை ஐஸ் தொட்டியில் வைக்கச் சொல்.

இக்னிஷன் டைமிங்கையும், அதாவது ஸ்பார்க் பிளக் பொறி விடும் நேரத்தையும், எஞ்சின் சுழற்சியில் சில டிகிரி தள்ளிப்போட வேண்டும்; நைட்ரஸோடு தீ வேகமாகப் பரவும். கிளட்சை விட்டதும் முழு நைட்ரஸையும் திறந்தால் முன்சக்கரம் தூக்கிவிடும். கன்ட்ரோலர் வைத்து, 25 சதவீதத்தில் தொடங்கிப் படிப்படியாக ஏற்றுகிறோம். ஓட்டம் முடிகிற இடத்திலேயே எஞ்சினை அணைத்து பிளக்கைக் கழற்றிப் பார்ப்பேன். வெள்ளைப் பீங்கானில் வெள்ளித் துகள் பொடிப்பொடியாக ஒட்டியிருந்தால் பிஸ்டன் கரையத் தொடங்கிவிட்டது என்று பொருள். உடனே பெட்ரோல் ஜெட்டைப் பெரிதாக்கி, டைமிங்கை இன்னும் தள்ளிப்போடுவேன். ஓட்டுகிறவர் "நன்றாக இழுக்கிறது" என்பார். அதை மட்டும் நம்பி நான் ஜெட் மாற்றுவதில்லை. பிஸ்டன் உருகுவதற்குச் சற்று முன்புதான் வண்டி பிரமாதமாக இழுக்கும்.

இங்கே 2023 நவம்பரிலிருந்து நைட்ரஸைப் போதைக்காக வைத்திருப்பது குற்றம். பந்தயத்துக்குத் தடை இல்லை.

டிசம்பரில் ஊருக்கு வருகிறேன். அந்த உருகிய பிஸ்டனைத் தூக்கிப் போடவில்லை, பெட்டியில் வைத்து எடுத்து வருகிறேன். உன் பட்டறைப் பையன்கள் கையில் வாங்கிப் பார்க்கட்டும்.

அன்புடன்,
உன் நண்பன்