தாத்தாவுக்குப் பின்னால் இருக்கும் கம்பியை வெட்டாதீர்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

உங்கள் ஞாயிறு பதிப்பில் கப்பலேறி வந்தவர்களின் பழைய படங்கள் வருவதை விடாமல் பார்த்து வருகிறேன். நல்ல காரியம், நிறுத்திவிடாதீர்கள். ஆனால் ஒரு குறை, நேராகவே சொல்லிவிடுகிறேன். எல்லாப் படத்தையும் முகத்தை ஒட்டி வெட்டிப் போடுகிறீர்கள். ஆளுக்குப் பின்னால் என்ன இருந்தது என்றே தெரிவதில்லை. மற்றவர்களுக்கு இது பெரிய விஷயமில்லை, எனக்கோ அந்த ஓரத்தில்தான் வேலையே இருக்கிறது.

நான் சுங்கை சிப்புட்காரன். ரஜூலா கப்பலின் மாதிரியை 1:200 அளவில், அதாவது நிஜக் கப்பலின் இருநூறில் ஒரு பங்காக, செய்துகொண்டிருக்கிறேன். 1926-இல் கிளாஸ்கோவில் கட்டிய கப்பல், சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து பினாங்கு, போர்ட் சுவெட்டன்ஹாம், சிங்கப்பூர் என்று நம் ஆட்களைச் சுமந்துகொண்டே இருந்தது. 1973-இல் விற்று, ரங்கத் என்று பெயர் மாற்றி, அடுத்த வருஷமே உடைத்துவிட்டார்கள். சுற்றியுள்ள தோட்டங்களில் வயதான யாரிடம் பேச்சுக் கொடுத்தாலும் ரஜூலா பெயர் வந்துவிடும். உடம்புப் பகுதியை மரத்திலும் பிளாஸ்டிக் தகட்டிலும் முடித்தாகிவிட்டது, அதில் சொல்ல ஒன்றுமில்லை. இழுத்தடிப்பது தளத்தைச் சுற்றி ஓடும் கைப்பிடிக் கம்பிகளும் ஏணிகளும்தான்.

இந்தக் கம்பிகளைப் பித்தளைத் தகட்டில் அரித்துத்தான் எடுக்க வேண்டும். கடையில் ஆயத்தமாக விற்பதில் பெரும்பாலானவை போர்க்கப்பலுக்கானவை, மெல்லிசாக இரண்டு மூன்று வரி ஓடும், அவ்வளவுதான். பயணிகள் கப்பலில் மேலே கையூன்ற மரக்கட்டை இருக்கும், பிள்ளைகுட்டி விழுந்துவிடாமல் கம்பிகளும் நெருக்கமாக இருக்கும். போர்க்கப்பல் கம்பியை ரஜூலாவில் ஒட்டினால் கப்பல் தெரிந்தவர்கள் சிரிப்பார்கள்.

அரிப்பது என்றதும் ஆசிட் வேலையா என்று பயப்படுகிறார்கள். தோட்டத்தில் வளர்ந்தவர்களுக்கு ஆசிட் என்றால் ரப்பர் பால் உறைய ஊற்றும் பார்மிக் ஆசிட்தான் ஞாபகம் வரும். இது வேறு, ஃபெரிக் குளோரைடு, சர்க்கியூட் போர்டு செய்கிறவர்கள் பயன்படுத்துவது. கோலாலம்பூர் ஜாலான் பாசாரில் எலக்ட்ரானிக்ஸ் சாமான் விற்கும் கடைகளில் கேட்டுப் பாருங்கள். தகடு 0.15 மில்லிமீட்டர் கனம். அதன் இரண்டு பக்கமும் ஒளி பட்டால் இறுகும் ஃபிலிமை ஒட்டி, வரைந்த படத்தைப் பிளாஸ்டிக் தாளில் அச்செடுத்து மேலே வைத்து, புற ஊதா ஒளி காட்ட வேண்டும். நகப்பூச்சு காய வைக்கும் விளக்கே போதும். பித்தளை நிற்க வேண்டிய இடம் தாளில் வெளிச்சம் புகுவது போலவும் கரைய வேண்டிய இடம் கறுப்பாகவும் இருக்கும். முன்பக்கத் தாளும் பின்பக்கத் தாளும் இம்மி பிசகாமல் பொருந்த வேண்டும், அதனால் இரண்டையும் முதலில் விளக்குக்கு எதிரே பிடித்து ஓரத்தை ஒட்டிவிட்டு, கடித உறைக்குள் கடிதம் நுழைப்பது போலத் தகட்டை நடுவில் செருகுவேன். அப்புறம் சலவை சோடாத் தண்ணீரில் கழுவினால் ஒளி படாத ஃபிலிம் மட்டும் கழன்று பித்தளை பளிச்சென்று தெரியும். தகட்டை ஃபெரிக் குளோரைடு கரைசலில் போட்டால் அந்த இடம் மட்டும் கரையும்.

இதில் எனக்குப் பிடித்த இடம் அரைகுறை அரிப்பு. இரண்டு பக்கமும் திறந்துவிட்டால் தகடு முழுக்கக் கரைந்து ஓட்டை விழும். ஒரு பக்கம் மட்டும் திறந்தால் ஏறக்குறைய பாதி ஆழத்துக்குப் பள்ளம், அந்தக் கோட்டில் நேராக மடியும். ஏணியின் படிகளை இப்படித்தான் ஒவ்வொன்றாக மடக்குகிறேன். இன்னொரு தொல்லையும் உண்டு, கரைசல் கீழே மட்டும் இறங்காது, பக்கவாட்டிலும் தின்னும், அதனால் வரையும்போதே கோட்டைக் கொஞ்சம் தடிப்பாகப் போட வேண்டும். நிஜத்தில் 38 மில்லிமீட்டர் குழாய் என்றால் இந்த அளவில் 0.19 மில்லிமீட்டர்தான், தகட்டின் கனத்தைவிடச் சற்றே அதிகம். அதற்கும் மெல்லிய கோடு வரைந்தால் தகட்டில் நிற்காது.

கரைசலை வீட்டுக்காரம்மா எவர்சில்வர் சிங்க் பக்கமே அண்ட விடுவதில்லை. நியாயம்தான், அது எவர்சில்வரையும் அரிக்கும். வேலை முடிந்த கரைசலில் செம்பு கலந்திருக்கும், லோங்காங்கில், அதாவது சாக்கடையில், ஊற்றவே கூடாது. கையுறை, கண்ணாடி இல்லாமல் யாரும் தொட வேண்டாம்.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். இவ்வளவும் கை பழகினால் வந்துவிடும். எதை வரைவது என்பதுதான் கேள்வி. கப்பல் பட்டறையின் பொது வரைபடங்களில் கைப்பிடி பெரும்பாலும் ஒற்றைக் கோடாகத்தான் இருக்கும். கூடப் பிறந்த கப்பலான ரோனாவைப் பார்த்து வரையலாமே என்று ஒருவர் சொன்னார். ரோனா வேறு பட்டறையில், நியூகாசில் பக்கம் கட்டியது, 1943-இல் அல்ஜீரியா பக்கம் ஜெர்மானியக் குண்டில் மூழ்கிவிட்டது. அதை நம்பி நான் கோடு போட மாட்டேன்.

மிச்சமிருப்பது நம் வீட்டு ஆல்பங்கள்தான். வேட்டியை மடித்துக்கட்டிய தாத்தா கம்பியில் சாய்ந்து நிற்கிறார், முழங்கை மேல்கட்டையில் இருக்கிறது, அவர் இடுப்புக்குப் பக்கத்தில் கம்பிகள் ஒன்றன்கீழ் ஒன்றாகத் தெரிகின்றன. ஆளின் உயரத்தை வைத்துக் கட்டையின் உயரமும், அதை வைத்துக் கம்பிகளின் இடைவெளியும் கிடைத்துவிடும். வெயிலுக்குக் கட்டிய கித்தான் பந்தலின் கால் ஓரத்தில் தெரிந்தால் இன்னும் நல்லது. நண்பர் ஒருவர் காட்டிய படத்தில் கம்பிகளை அழகாக எண்ண முடிந்தது, ஆனால் கம்பிகளைத் தாங்கும் அடுத்த தூண் வர வேண்டிய இடத்தில் அவருடைய சித்தப்பா கைக்குழந்தையாக அம்மா இடுப்பில் உட்கார்ந்து மறைத்துக்கொண்டிருக்கிறார்!

இப்போது பலரும் இந்தப் படங்களைப் பெரிதாக்கி மாட்டுகிறார்கள். கடையில் பின்னணியை அழித்து நீல வானம் போட்டுக் கொடுக்கிறார்கள், இல்லையென்றால் கைப்பேசியில் ஏதோ ஒரு செயலியில் போட்டு மெருகேற்றுகிறார்கள். மங்கலாக இருக்கும் இடத்தை அந்தச் செயலி தன் இஷ்டத்துக்கு நிரப்பும், மூன்று கம்பி நான்காகும், தூண் வளையும். சுவரில் மாட்ட அது போதும், தாராளமாக மாட்டுங்கள். மூலப் படத்தை மட்டும் தூக்கிப் போட்டுவிடாதீர்கள்.

ரஜூலாவின் தளத்தில் எடுத்த படம் உள்ளவர்கள் அதை 600 டிபிஐ துல்லியத்தில், ஓரம் வெட்டாமல், பின்பக்க எழுத்தையும் சேர்த்து ஸ்கேன் செய்து உங்கள் அலுவலகத்துக்கு அனுப்பினால் எனக்குச் சேர்த்துவிடுவீர்களா? மூலத்தை யாரும் அனுப்ப வேண்டாம். அடுத்த வாரம் ஒரே ஒரு படத்தையாவது முழு அகலத்தில் போடுங்கள், பக்கத்தில் ஒரு விளம்பரம் குறைந்தாலும் பரவாயில்லை.

கப்பல் பித்தன்,
சுங்கை சிப்புட், பேராக்