அத்தைக்கு, தொட்டித் தண்ணீர் பற்றி

அன்புள்ள அத்தைக்கு,

டெங்குக் காய்ச்சலில் கிடந்து ஆஸ்பத்திரியிலிருந்து நீங்கள் வீடு திரும்பி இந்த ஐப்பசியோடு ஒரு வருடம். பரமக்குடிக்கு வந்து எங்களோடு இருங்கள் என்று இனிக் கூப்பிடப்போவதில்லை. போனில் சொன்னால் நான் அழுதுவிடுவேன், நீங்கள் பேச்சை மீன் விலைக்கு மாற்றிவிடுவீர்கள். அதனால்தான் கடிதம். நாலு பேர் படிப்பார்கள் என்பதால் ஊர்ப் பெயரை எழுதவில்லை. உங்கள் பிள்ளைகள் அன்று வெளிநாட்டிலிருந்து பேசியதையும் எழுதப்போவதில்லை.

தொட்டித் தண்ணீரைத் திறந்துவிட்ட அந்தப் பிற்பகலை மட்டும் எழுதியாக வேண்டும். நீங்கள் தூணில் சாய்ந்து உட்கார்ந்திருந்தீர்கள். டிரிப் ஏற்றிய கை இன்னும் கன்றிப்போய்க் கிடந்தது. செல்போன் வெளிச்சத்தைத் தொட்டிக்குள் காட்டினேன். தலைகீழாகத் தொங்கிக்கொண்டிருந்த கொசுப் புழுக்கள் அத்தனையும் நெளிந்து நெளிந்து அடிக்குப் போய்விட்டன. “புழு இருந்தால் உப்பில்லாத நல்ல தண்ணீர் என்று அர்த்தம்” என்றீர்கள். அதுவும் ஓரளவு சரிதான். டெங்குவைப் பரப்பும் ஏடிஸ் கொசு பெரும்பாலும் சாக்கடையைத் தேடிப் போவதில்லை. நீங்கள் துணி கட்டி வடித்து வைக்கும் தண்ணீரைத்தான் தேடி வருகிறது. அடித்துளையில் செருகியிருந்த துணியைப் பிடுங்கினேன். தண்ணீர் முற்றத்து மணலில் ஓடி முருங்கை மரத்தடியில் மறைந்தது. “காசு கொடுத்து வாங்கிய தண்ணீர்” என்று மட்டும் சொன்னீர்கள். அன்று இரவு நீங்கள் சாப்பிடவில்லை.

மன்னித்துவிடுங்கள் அத்தை. கேட்டிருந்தால் விட்டிருக்க மாட்டீர்கள், அதனால்தான் கேட்கவில்லை. நாளைக்கும் அதையேதான் செய்வேன். தண்ணீர் நின்ற மட்டத்தை ஒட்டிச் சுவரில் முட்டைகள் பிடித்திருக்கும். காய்ந்து கிடந்தாலும் மாதக்கணக்கில் சாகாமல் இருந்து, தண்ணீர் ஏறியதும் பொரிந்துவிடும். தேங்காய் நாரை வைத்து அந்த இடத்தை அப்படித் தேய்த்தது அதற்காகத்தான்.

வாரம் ஒருமுறை தேய்க்கச் சொல்கிறார்கள். எழுபதைத் தாண்டியவர், முட்டி வலியோடு, ஒற்றை ஆளாக, இடுப்பளவுத் தொட்டிக்குள் எப்படி இறங்குவார் என்று யாரும் சொல்வதில்லை. கிணறு உவர்ந்துபோன கடற்கரையில், காவிரித் தண்ணீர் குழாயில் வரும் நாளைப் பார்த்துக் காத்திருப்பவரிடம் சேர்த்து வைக்காதே என்று எந்த வாயால் சொல்வது? இந்த விஷயத்தில் நான் உங்கள் பக்கம்தான்.

ஆனால் காய்ச்சலை மறைத்தீர்களே, அது இன்னும் ஆறவில்லை. தினமும் போனில் பேசினேன். “வயதாகிவிட்டது, அசதி” என்றீர்கள். வயதானவர்களுக்கு உடம்பு கொதிக்காமலே டெங்கு வரலாம். வெறும் தலைசுற்றலும் தளர்ச்சியுமாகத் தெரியலாம். கூட ஒருவர் இருந்தால் சந்தேகப்பட்டிருப்பார். காய்ச்சல் விட்டதும் குணமாகிவிட்டது என்று கடைக்குக் கிளம்பினீர்கள். காய்ச்சல் இறங்கும் அந்த ஓரிரு நாள்தான் ஆபத்து. ரத்தக் குழாயிலிருந்து நீர் கசிந்து ரத்த அழுத்தம் விழும் நேரம் அது. வயிற்றுவலி, ஓயாத வாந்தி, ஈறில் ரத்தம், எது கண்டாலும் உடனே ஆஸ்பத்திரிக்குப் போக வேண்டும். மூட்டு வலிக்கென்று நீங்களாக வாங்கிப் போடுகிற மாத்திரைகள் பல ரத்தக் கசிவைக் கூட்டக்கூடியவை. காய்ச்சலுக்குப் பாராசிட்டமால் தவிர வேறு எதையும் டாக்டரைக் கேட்காமல் தொடாதீர்கள்.

பக்கத்து வீட்டு அக்கா மட்டும் வழியில் உங்களைப் பார்க்காமல் போயிருந்தால்? “யாருக்கும் தொந்தரவு வேண்டாம்” என்கிறீர்கள். எனக்கு அம்மை போட்டிருந்தபோது வேப்பிலையோடு என் பாயை விட்டு நகராமல் இருந்தீர்களே, அது உங்களுக்குத் தொந்தரவாகவா இருந்தது? என்னை மட்டும் ஏன் விருந்தாளியாக்கி வாசலில் நிறுத்துகிறீர்கள்?

சரி. மழை ஓயும் வரை ஞாயிற்றுக்கிழமைதோறும் நானே வந்து தேய்க்கிறேன். மூடி இறுகும், அடியில் குழாய் வைத்த சின்னத் தொட்டி இரண்டு வாங்கியிருக்கிறேன். ஒன்று காலியான பிறகு அதைத் தேய்த்து நிரப்பலாம். ஒரு சொட்டைக்கூடக் கீழே கொட்ட வேண்டாம். இது பகலில் கடிக்கும் கொசு, மதியம் படுத்தாலும் வலை கட்டிக்கொள்ளுங்கள்.

உங்கள் வீட்டுச் சாவி ஒன்றை அந்த அக்காவிடம் கொடுத்துவிட்டேன். உங்களைக் கேட்காமல்தான். காலை எட்டு மணிக்கும் கதவு திறக்காவிட்டால் அவர் திறந்துகொண்டு உள்ளே வருவார். அவரை ஒன்றும் சொல்லாதீர்கள். திட்டுவதானால் ஞாயிற்றுக்கிழமை என்னைத் திட்டுங்கள்.